இயலாமை உள்ள பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தால்

"இந்தப் பிள்ளைக்கு இங்கே சரிவராது" என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இலங்கையில் இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி இயலாமையைக் காட்டி அனுமதி மறுக்க முடியாது. அப்புறம் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி இரண்டையும் போட்டோப்பிரதி எடுத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பக்கத்து உட்கிராமங்களில் இருந்து போகிறவர்கள் காலையிலேயே வெளிக்கிடுங்கள், பஸ்ஸை நம்ப முடியாது.

விசேட கல்வி அலகில், அதாவது இயலாமை உள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பில், விடச் சொல்வார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அது தேவையில்லை. என் மகளுக்குக் காது கொஞ்சம் மந்தம், ரீச்சரின் வாய் தெரிகிற மாதிரி முன்வாங்கில் இருத்தியதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது, தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவாள்.

பரீட்சையில் மேலதிக நேரம் வேண்டுமா? வைத்திய அறிக்கையோடு அதிபரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.