புகைக்கும் வேட்கையை அளப்பது எப்படி?
சிகரெட்டை விட்டவரின் வேட்கையை "அதிகம்", "பரவாயில்லை" என்று மட்டும் எழுதி வைத்தால், மறுவாரம் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஆகவே வெள்ளைத்தாளில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, இடது முனையில் "துளியும் இல்லை" என்றும் வலது முனையில் "தாங்கவே முடியவில்லை" என்றும் எழுதி, அந்தக் கணத்தின் வேட்கைக்கு ஏற்ற இடத்தில் அவரையே குறுக்காக ஒரு கீறல் போடச் சொல்லுங்கள். இடது முனையிலிருந்து கீறல் வரையுள்ள தூரமே மதிப்பெண். கோட்டின் மேல் எண்களை எழுத வேண்டாம். எழுதினால் கை தானாக 50க்கோ 70க்கோ போய்விடும்.

எழுந்தவுடன், சாப்பாட்டுக்குப் பின், தேநீர் வேளையில், படுக்கும் முன் என நாளுக்கு நான்கு முறை குறிக்கலாம். நேற்றைய வேட்கையை இன்று கேட்டு நிரப்புவதை நான் ஏற்பதில்லை. வேட்கையின் அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடுகிறது, நினைவிலோ அதன் உச்சமே தங்குகிறது. ஒவ்வொரு கீறலின் அருகிலும் நேரம், இடம், உடனிருந்தவர், நிக்கோட்டின் சூயிங்கம் கடைசியாக மென்ற நேரம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். டீக்கடை வாசலில் 82, வீட்டில் 30 என்று வந்தால் சிக்கல் எங்கே என்பது தெரிந்துவிடும்.

ஆறு கேள்விகள் கொண்ட ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனை அளப்பது வேட்கையை அல்ல, நிக்கோட்டின் சார்பை, அதாவது புகையிலையிலுள்ள நிக்கோட்டினுக்கு ஒருவர் எவ்வளவு அடிமைப்பட்டிருக்கிறார் என்பதை. எழுந்த 5 நிமிடங்களுக்குள் முதல் சிகரெட் என்றால் அதில் 3 புள்ளி. விடுவதற்கு முன் ஒருமுறை அதைச் செய்தால் போதும்.