சைக்கிளில் ஏறும் தியானக் குடில்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் சைவ ஞானி யோகர் சுவாமிகள் இலுப்பை மரத்தடியில் தவமிருந்தவர். ஆகவே, தியானத்துக்குக் கூரை எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் மணற்காட்டு மணல்மேட்டிலோ நெடுந்தீவுக் கரையிலோ அரை மணி நேரம் கண்ணை மூடி இருக்க முயன்றவர்களுக்கு, வெயிலும் முகத்தில் அறையும் மணலும் மனத்தை எவ்வளவு விரைவாக வெளியே இழுத்துவிடும் என்பது தெரியும். ஒருவரே சைக்கிளில் கொண்டுபோய், பதினைந்து நிமிடத்தில் நிறுத்தி, எழுந்து போகும்போது அடையாளமின்றிக் கழற்றிவிடக்கூடிய சிறு குடில் ஒன்றை அமைக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளக்க வேண்டியது உங்கள் உடம்பை. சப்பாணி கட்டி அமர்ந்து, வேறொருவரைக் கொண்டு இரு முழங்கால்களுக்கு இடைப்பட்ட அகலத்தையும் தரையிலிருந்து உச்சந்தலை வரையான உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். வளர்ந்த ஒருவருக்கு அகலம் இரண்டரை முதல் மூன்று அடியும், உயரம் ஏறத்தாழ மூன்று அடியுமாக இருக்கும். உள்ளே எழுந்து நிற்க வேண்டியதில்லை என்பதை மனம் ஏற்றுக்கொண்டால் பாரமும் செலவும் பாதியாகக் குறையும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

சட்டகத்துக்கு ஆறு அடி நீளமான ஐந்து மூங்கில் தடிகள் போதும்: கால்களுக்கு நான்கு, முகட்டுக்கு ஒன்று. எல்லாம் ஒரே நீளமாக இருப்பதால் எதை எங்கே பொருத்துவது என்ற குழப்பம் வராது. சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டவும் ஆறு அடி தோதானது. ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள, நன்கு காய்ந்த மூங்கிலைத் தெரிவுசெய்யுங்கள். பனஞ்சலாகை உறுதியானதுதான், ஆனால் சுமந்து பார்த்தவர் அதை இரண்டாம் முறை எடுக்கமாட்டார்.

இரண்டு தடிகளை அருகருகே கிடத்தி, மேல் நுனியிலிருந்து அரை அடி விட்டு, தும்புக் கயிற்றால் ஏழெட்டுச் சுற்று சற்றுத் தளர்வாகச் சுற்றி, பிறகு இரு தடிகளுக்கும் நடுவால் இரண்டு சுற்று இறுக்கி முடியுங்கள். அடிப்பக்கத்தை விரிக்கும்போது கட்டு தானாகவே இறுகி, கத்தரிக்கோல் போல நிற்கும். ஆணியோ திருகாணியோ வேண்டாம், துளையிட்ட மூங்கில் ஒருநாள் அந்த இடத்திலேயே பிளக்கும். நைலோன் கயிறு மூங்கிலில் வழுக்கும், தும்பு பற்றிப் பிடிக்கும். கால்கள் ஐந்து அடிக்கு மேல் விரியாதபடி அடியில் ஒரு கயிறு கட்டினால், கட்டின் உயரம் கிட்டத்தட்ட 4.9 அடியில் நிற்கும். மூன்று அடி உயரத்தில், அதாவது உங்கள் தலை இருக்கும் மட்டத்தில், ஏறத்தாழ இரண்டு அடி அகலம் எஞ்சும். நான் முதலில் அடியகலத்தை நான்கு அடியாக வைத்தேன். காற்று துணியை உள்ளே தள்ளும்போதெல்லாம் அது காதில் உரசியது. இப்படி இரண்டு சோடி செய்து, ஐந்தாவது தடியை மேலுள்ள கவைகளில் கிடத்திக் கட்டினால் எலும்புக்கூடு தயார்.

போர்வைக்குத் தறப்பாளை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது மழையைத் தடுக்கும், மலிவானதும் கூட. ஆனால் உள்ளே வெக்கையைப் பிடித்துவைக்கும், காற்றில் ஓயாமல் சலசலக்கும். இடம்பெயர்ந்த காலத்தைத் தறப்பாளின் கீழ் கழித்தவர்களுக்கு அந்தச் சத்தம் அமைதியைத் தராது. தடித்த வெள்ளைப் பருத்தித் துணியே நல்லது: மூன்று அடி அகலத்தில் பதினொரு அடித் துண்டுகள் இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால், முகட்டின் மேலாக இருபுறமும் நிலம் வரை இறங்கும். தையலும் தண்ணீர் வழியும் திசையிலேயே அமைவதால் ஒழுக்குக் குறையும். நெருக்கமாக நெய்த பருத்தி நனைந்தால் நூல் பருத்துச் சிறு தூறலைத் தாங்கும், ஆனால் உள்ளிருந்து விரல் பட்ட இடத்தில் கசியத் தொடங்கும். பின்பக்க முக்கோணத்தைப் பனையோலைப் பாயால் மறையுங்கள். உச்சியில் ஒரு சாண் இடைவெளி விட்டால்தான் வெப்பக் காற்று வெளியேறும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் யாழ்ப்பாணத்தில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்பதால், அந்த நாட்களில் துணியை நம்பாமல் மர நிழலுக்குள்ளேயே குடிலை நிறுத்த வேண்டும்.

இனிக் காற்று. இந்தக் குடிலின் உண்மையான வடிவமைப்பாளர் அதுதான். ஒரு பக்கச் சாய்வின் பரப்பு 33 சதுர அடி, ஏறத்தாழ 3 சதுர மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று அந்த அளவு பரப்பில் நேராக மோதினால், ஏறத்தாழ 18 கிலோ எடைக்குரிய விசை அதைத் தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆனால் முக்கோண முனையின் பரப்பு பன்னிரண்டு சதுர அடி அளவுதான். எனவே பாய் கட்டிய முனையைக் காற்று வரும் பக்கத்துக்குத் திருப்புங்கள். மே முதல் செப்டம்பர் வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும்போது, இப்படி நிறுத்தினால் உங்கள் முகம் வடகிழக்கை, ஈசான மூலையை நோக்கும். பெரியவர்கள் சொன்ன திசையும் காற்றின் கணக்கும் இங்கே ஒத்துப்போகின்றன. வாடையோடு மழையும் வரும் மாதங்களில் குடிலை வீட்டு இறவாரத்திலேயே வைத்திருப்பதுதான் புத்தி.

மணலில் முளை நிற்காது. நான் அடித்த முளைகள் ஒரு சோளகத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று, துணி சவுக்கு மரத்தில் போய்த் தொங்கியது. வலிகாமத்திலும் தீவுகளிலும் பல இடங்களில் மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புக்கல் இருப்பதால் முளை இறங்கவே இறங்காது. இரண்டுக்கும் ஒரே தீர்வு வெறும் உரப்பைகள். நான்கு கால்களுக்கும், முன்னும் பின்னும் இழுக்கும் இரண்டு கயிறுகளுக்குமாக ஆறு பைகளை மடித்துக் கொண்டுபோய், அங்கேயே மணல் நிரப்பிக் கட்டுங்கள். மணற்பாங்கான இடத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் பிடி இன்னும் உறுதியாகும். நெடுந்தீவில் பாரத்துக்காக முருகைக்கல் மதில்களிலிருந்து கல்லை உருவாதீர்கள். அங்கே குதிரைகளும் கயிற்றில் இடறக்கூடும், ஆகையால் கயிறுகளில் வெள்ளைத் துணி முடிந்துவிடுங்கள்.

இருக்கைக்கு, தும்பு அடைத்த நான்கு அங்குலத் தலையணை ஒன்றும் அதன் கீழ் பனையோலைத் தடுக்கும் போதும். இடுப்பு முழங்காலை விடச் சற்று உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். கரையோர மணற்பற்றைகளில் சுருட்டை விரியன் இருப்பதால், ஒவ்வொரு முறையும் தடுக்கை உதறிப் பார்த்த பிறகே அமருங்கள். மாலையில் இருப்பவர்கள் முன்பக்கத்துக்கு ஒரு நுளம்பு வலையைத் தைத்துக்கொள்ளலாம். உள்ளே ஊதுபத்தியோ கர்ப்பூரமோ கொளுத்தவே கூடாது. காய்ந்த சவுக்குச் சருகும் பருத்தித் துணியும் ஒரே பொறியில் பற்றும். தனியார் காணியென்றால் உரியவரிடமும், சவுக்குத் தோப்பு போன்ற அரச நிலமென்றால் பொறுப்பான திணைக்களத்திடமும் முன்கூட்டியே கேளுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைப் பக்கம் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் போக வேண்டாம்.

கழற்றும்போது பைகளிலுள்ள மணலை எடுத்த குழியிலேயே கொட்டி மூடிவிடுங்கள். கடற்கரையிலிருந்து வந்த துணியையும் கயிற்றையும் அன்றே கிணற்றுத் தண்ணீரில் அலசி, உப்புப் போனபின், முழுதாகக் காயவிட்டுச் சுருட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டிய துணியில் சில நாட்களிலேயே கரும்புள்ளி பூஞ்சணம் பிடிக்கும், அது எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.