ஆச்சியைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கு

எங்கள் ஆச்சி சேரன்மகாதேவிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊரில் 38 வருஷம் டீச்சராக இருந்தாள். பேரப்பிள்ளைகளுக்கு அவள் டீச்சராச்சி. போன ஐப்பசியில் காலமானாள். முதலாண்டுத் திவசத்துக்குள் அவளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட வேண்டும் என்று இறங்கி, பத்து மாதம் அலைந்தேன். உங்கள் வீட்டு ஆச்சிக்கும் அப்படி ஒன்று செய்ய நினைத்தால், நான் அலைந்தது உங்களுக்கு உதவட்டும்.

எடுத்தவுடன் எழுத ஆரம்பிக்காதீர்கள். நான் முதல் நாளே "அன்பே உருவானவள்" என்று தொடங்கி நாலு பக்கம் எழுதினேன். அதில் ஆச்சி இல்லவே இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பணிப்பதிவேட்டின் நகல், பென்ஷன் புத்தகம், இந்த மூன்றும் கிடைத்தால் தேதி வேலை பாதி முடிந்தது. பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும். ஆச்சிக்கு 1942 ஜூன் 1 என்று இருக்கிறது. சின்னாச்சியோ, "அக்கா ஆடி அமாவாசைக்கு மறுநாள் பொறந்தவ" என்கிறாள். இரண்டையும் எழுதினேன். அங்க அடையாளம் என்ற இடத்தில் "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று இருந்தது. எனக்கு எத்தனை வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்ட கை! அந்த மச்சம் எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

தேதி போடாத காகிதம் என்றால் எழுத்தைப் பாருங்கள். 1978-இல்தான் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்தே சுழியும். ஆச்சியின் பாடக்குறிப்பு நோட்டுகளை இதை வைத்துத்தான் இரண்டு அடுக்காகப் பிரித்தேன். வீட்டு நோட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. பள்ளிக்கூடத்தில் புது எழுத்துக்கு மாறிவிட்டவள், பலசரக்குச் சீட்டில் "வெற்றிலை" என்று எழுதும்போது கடைசிவரை கொம்பு போட்டாள்.

படங்களுக்கு ஒரே ஒரு புத்தி சொல்கிறேன்: கையில் கிடைத்த உடனே போனில் எடுத்துவிடுங்கள். பெரிதுபண்ணித் தருவதாக வாங்கிய ஒரு ஸ்டுடியோ ஆச்சியின் கல்யாணப் படத்தைத் தொலைத்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சித்தப்பா வீட்டுச் சுவரில் இருந்த படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டியதைப் பிய்த்து எடுக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலாகவே, வெளிச்சம் பட்டுப் பளிச்சிடாமல் சாய்வாக வைத்து எடுங்கள். எங்களுக்கு மிஞ்சியது அந்த ஒரு படம்தான்.

இனி முக்கியமான வேலை, அவளிடம் படித்தவர்கள். "டீச்சர் எப்படி?" என்று கேட்டால் "தங்கமான மனுஷி" என்பார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். "வகுப்புல எங்க உக்காருவிய? பக்கத்துல யாரு? மழை பெஞ்சா எங்க ஒதுங்குவிய?" என்று கேளுங்கள். வருஷம் யாருக்கும் நினைவிருக்காது. "சத்துணவு வந்ததுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்றால் 1982 கிடைத்துவிடும். "பெரிய வெள்ளத்துக்கு அப்புறமா?" என்றால் 1992. பேச ஆரம்பிக்கும் முன் ஃபேனை நிறுத்திவிட்டு, போனை மடித்த துண்டின் மேல் அவர்கள் பக்கமாக வையுங்கள். என்னுடைய முதல் மூன்று பதிவுகளில் ஃபேன் சத்தம்தான் பேசுகிறது.

கேட்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'ழ'. எங்கள் பக்கம் வாழைப்பழம் வாளைப்பளம்தான். ஆச்சி விடமாட்டாள். பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, தன் வாயைத் திறந்து நாக்கை மேலே மடக்கிக் காட்டுவாளாம். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல் வழுக்கி விழுந்தான்" என்று பிசகாமல் சொல்கிற பிள்ளைக்கு அன்று ஒரு பழம். இப்போது வாழைத்தார் வியாபாரம் பண்ணுகிற ஒருவர், அறுபது வயது இருக்கும், என் முன்னால் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக் காட்டினார். ஆறு ழ-வும் சரியாக விழுந்தது.

கசப்பானதையும் விடாதீர்கள். இன்னொருவர் விரல் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "டீச்சர் ஸ்கேலாலே அடிச்சாவ. அந்தப் பென்சில நான் எடுக்கலம்மா." ஐம்பது வருஷமாக அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா அதை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அவர் சொன்ன வார்த்தையிலேயே, ஆச்சிக்காக வக்காலத்து எதுவும் சேர்க்காமல் போட்டேன். அவளும் வகுப்பில் பொய்யை எழுதவிட்டதில்லை.

சமையலை நீங்கள் எழுத வேண்டாம், அவள் பக்கத்தில் நின்று செய்தவர்களைச் செய்யச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். சொதிக்கு எத்தனை தேங்காய் என்பதில் என் அத்தைமார் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.

அச்சுக்குப் போகும்போது, நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக வையுங்கள், வாசிக்கப் போகிறவர்களில் பாதிப்பேருக்குக் கண் மங்கியிருக்கும். நான் பாளையங்கோட்டையில் 48 பக்கத்தில் நூறு பிரதி போட்டேன். கடைசியில் இரண்டு பக்கம் வெறுமனே விடுங்கள். திவசத்தன்று சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, 11-ஆம் பக்கத்தில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார்கள். "பள்ளிக்கூட முத்தத்துல நின்னது வேம்பு இல்ல தாயி, பூவரசு. அந்த எலையச் சுருட்டி பீப்பீ ஊதுனதுக்கு டீச்சர்ட்ட அடி வாங்கிருக்கேன்." பேனாவைக் கொடுத்தேன். வெறும் பக்கத்தில் அவர்களே எழுதினார்கள், 'இலை'க்குக் கொம்பு போட்டு.