மீளுருவாக்க வேர் சிகிச்சை பெற்ற பல்லில் கிளிப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிபட்டு, மீளுருவாக்க வேர் சிகிச்சை (பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, உள்ளே இரத்தம் உறையவைத்துப் புதுத் திசு வளரவிடும் முறை) முடிந்த பல்லைக் கிளிப் போட்டு நகர்த்தத் தொடங்கும் இளம் மருத்துவர்கள், நாங்கள் முன்பு இடறிய அதே இடங்களில் இடறுவதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வேர்க்குழாயைக் கழுவுவது, இரத்தம் உறைந்ததும் அதன்மேல் எம்.டி.ஏ. என்னும் சிமென்ட் அடைப்பை வைப்பது போன்றவை பாடத்திலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேர்நுனி ஆறியதும் பல்லே ஆறிவிட்டதாக எண்ணுவது

அடிபட்ட பல்லில் இரண்டு காயங்கள் உண்டு: பற்கூழ் (பல்லுக்குள் உள்ள நரம்பும் இரத்தநாளமும் கொண்ட திசு) இறந்து கிருமி புகுவது ஒன்று, பல்லை எலும்போடு இணைக்கும் பிணைநார் நசுங்குவது மற்றொன்று. மீளுருவாக்க சிகிச்சை முதல் காயத்தை மட்டுமே கவனிக்கிறது. தொற்றால் நேரும் வேர் அரிப்பு, அதாவது வேர் கரைந்துபோவது, குழாய் சுத்தமானதும் பெரும்பாலும் நின்றுவிடும். பிணைநார் அழிந்த இடத்தில் எலும்பு வேரைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடிப்பதையோ எந்தக் குழாய் மருந்தாலும் நிறுத்த முடியாது.

வேறோர் இடத்தில் கிளிப் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்த ஒரு சிறுவனின் மேல் முன்பல், கீழே விழுந்தபோது எலும்புக்குள் ஏறிப்போயிருந்தது. வேர்நுனியில் தொற்றைக் காட்டும் கருநிழல் எக்ஸ்ரேயில் மறைந்துவிட்டது என்ற ஒரே தைரியத்தில், அதையும் மற்றப் பற்களோடு ஒரே வயரில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எலும்போடு ஒட்டியிருந்த அந்தப் பல் அசையவே இல்லை. இருபுறப் பற்கள்தாம் அதை நோக்கி மேலேறி, கடித்தாலும் முன்வாய் மூடாத நிலை வந்துவிட்டது. வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் தட்டினால் பக்கத்துப் பல் மந்தமாக ஒலிக்க, இது மட்டும் கணீரென்றது. அரை நிமிடச் சோதனை! அதைச் செய்யாமல் விட்டதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பல்லை வயரில் சேர்க்காமல் விட்டு, பின்னாளில் அதன் வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து எலும்பைக் காக்கத் திட்டமிட்டிருக்கலாம்.

ஆகவே தட்டிப் பாருங்கள். இரு கருவிப் பிடிகளுக்கு நடுவே வைத்து அசைத்துப் பாருங்கள். முகம் வளர வளர அந்தப் பல் மட்டும் பின்தங்கி நிற்கிறதா என்று பழைய புகைப்படங்களோடு ஒப்பிடுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் வேரின் உதட்டுப் பக்கமும் அண்ணப் பக்கமும் தெளிவாகத் தெரியாது என்பதால், படம் சுத்தமாக இருப்பது மட்டும் சான்றாகாது. லேசான காயத்துக்கு 3 மாதம் போதுமென்றாலும், பல் உள்ளேறுவது, கழன்று விழுவது போன்ற கடுங்காயங்களுக்கு ஓராண்டாவது காத்திருப்பதே நல்லது.

வேர் நீண்டதும் இயல்பான பல்லாக நடத்துவது

உள்ளே புதிதாகப் படிவது பெரும்பாலும் சிமென்டத்தையோ (வேரின் வெளிப்புறத்தை மூடும் படலம்) எலும்பையோ ஒத்த திசுவே தவிர, பல்லின் உடலாக அமையும் அசல் டென்டின் அல்ல. எம்.டி.ஏ. அடைப்புக்கு மேலுள்ள கழுத்துப் பகுதிச் சுவர் தடிப்பதும் இல்லை; பல் முறிவது பெரும்பாலும் அங்கேதான். விசையைக் குறைவாகவே வையுங்கள். வயரைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டைக் கழற்றும்போதும் இடுக்கியை முறுக்காதீர்கள்.

தொடக்க எக்ஸ்ரே இல்லாமல் வயர் கட்டுவது

6 மாதம் கழித்து ஒப்பிட எதுவும் இருக்காது.

குளிர்ச் சோதனைக்கு உணர்வில்லை என்று பதறுவது

வலியோ வீக்கமோ இன்றி வேர்நுனி ஆறியிருந்தால், அதற்காக மறுசிகிச்சை வேண்டாம்.

வேர் அரிப்பு தெரிந்தும் தொடர்வது

விசையை 3 மாதம் நிறுத்திவிட்டு, மறுபடியும் படம் எடுங்கள்.