டச்சு வீட்டுப் பிறந்தநாளுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

நெதர்லாந்துக்குப் படிக்க வந்து, மாணவர் விடுதியில் இடம் கிடைக்காமல், ஒரு குடும்பத்தின் மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தான் குடியிருக்கும் வீட்டிலேயே அறை கொடுக்கும் வீட்டுக்காரம்மாவை இங்கே 'ஹோஸ்பிட்டா' என்பார்கள். டெல்ஃப்டில் என் கதையும் அதுதான். ஒருநாள் இல்லை ஒருநாள் பிறந்தநாள் அழைப்பு வரும். முதல் வருடம் நான் நன்றாகச் சொதப்பினேன். அதனால்தான் இந்தப் பதிவு.

1. தேதியைக் கழிவறையில் பாருங்கள்

கிண்டல் இல்லை. டச்சு வீடுகளில் பிறந்தநாள் நாட்காட்டி கழிவறைச் சுவரில்தான் தொங்கும். அதில் கிழமை இருக்காது, தேதி மட்டும்தான், அதனால் வருடா வருடம் அதுவே ஓடும். பன்னிரண்டு தாளையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகநூல் நினைவூட்டலைவிட இது நம்பகமானது, பாட்டி பெயர்கூட இருக்கும்.

2. நேரத்தைச் சரியாகப் படியுங்கள்

அழைப்பில் 'ஹால்ஃப் டிரீ' என்று இருந்தது. ஹால்ஃப் என்றால் அரை, டிரீ என்றால் மூன்று. சரி, மூன்றரை என்று நூலகத்தில் உட்கார்ந்துவிட்டேன். டச்சுக் கணக்கில் அது மூன்றை நோக்கிப் போகும் அரை, அதாவது 2.30. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது விருந்து தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, கேக் முடிந்திருந்தது. தமிழ்க் காதுக்கு இது பெரிய பொறி. மணி சொல்லும்போது ஹால்ஃப் வந்தால், அடுத்து வரும் எண்ணிலிருந்து அரை மணியைக் கழியுங்கள்.

3. பரிசு

சிறியதாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து யூரோ தாராளம். பரிசை உங்கள் கண்ணெதிரே, எல்லோர் முன்னிலையிலும் பிரிப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை விளக்கை நீட்டினால் வாங்குகிறவருக்குத்தான் சங்கடம். என் ஓட்டு எப்போதும் பூவுக்கு. டெல்ஃப்டில் வியாழக்கிழமைச் சந்தையில் வாங்கினால் சூப்பர்மார்க்கெட் கொத்தைவிட இரண்டு நாள் கூடுதலாக நிற்கிறது. கடையில் வேறு பொருள் வாங்கினால் 'கடோட்யெ' என்று சொல்லுங்கள், பரிசுத் தாள் சுற்றித் தருவார்கள். விலை அச்சிடாத மாற்றுச் சீட்டும் கேட்டு வாங்கலாம், அதற்குப் பெயர் 'ராய்ல்பான்'.

4. முந்தின நாள் இரவு

கூடத்தில் வண்ணக் காகிதத் தோரணம் கட்டுவார்கள். ஏணி பிடியுங்கள். உங்கள் அறை நாற்காலியும் கீழே போகும், அதில் காயப்போட்ட துணியை முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

5. உள்ளே நுழைந்ததும்: இங்கேதான் நான் விழுந்தேன்

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். இருபது பேர், நடுவில் ஒரு சின்ன மேசை. நான் நேராக வீட்டுக்காரம்மாவிடம் போய்ப் பூவைக் கொடுத்து வாழ்த்தினேன். மற்றவர்களைப் பார்த்துப் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, காலியாக இருந்த ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அவருடைய அம்மா கையைப் பாதி நீட்டி, பிறகு மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரவு பாத்திரம் கழுவும்போது அந்த வீட்டுப் பையன்தான் சொன்னான்: "நீ பாட்டிக்கு வாழ்த்தே சொல்லவில்லை."

பாட்டிக்கு எதற்கு வாழ்த்து? இங்கே பிறந்தநாள் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. மகளுக்குப் பிறந்தநாள் என்றால் அம்மாவுக்கு வாழ்த்து, கணவருக்கு வாழ்த்து, அக்காவுக்கு வாழ்த்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாழ்த்து. செய்ய வேண்டியது இதுதான்: பிறந்தநாள்காரரை முதலில் வாழ்த்துங்கள். பிறகு வட்டத்தின் ஒரு முனையில் தொடங்கி ஒருவரையும் விடாமல் கைகொடுத்துக்கொண்டே வாருங்கள். அறிமுகம் இல்லாதவரிடம் உங்கள் பெயரையும் சொல்லுங்கள். சுற்று முடிந்த பிறகுதான் உட்கார வேண்டும்.

சொல்ல வேண்டிய சொல்: ஹெ-ஃபே-லி-சி-டேர்ட். அழுத்தம் கடைசி அசையில். முதல் எழுத்து நம் 'அகம்' நடுவில் வரும் க போன்றது, தொண்டையை இன்னும் கொஞ்சம் உரசினால் சரியாகிவிடும். இந்த ஓர் ஒலியில் ஆங்கிலேயரைவிட நமக்கு வேலை குறைவு. அதோடு 'மெட்' சேர்த்து உறவைச் சொல்ல வேண்டும்:

ஹெஃபேலிசிடேர்ட் மெட் யூ டொஹ்டர் (உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்)
ஹெஃபேலிசிடேர்ட் மெட் யெ மூடர் (உன் அம்மாவுக்காக)

பெரியவர்களிடம் 'யூ', உங்கள் வயதுக்காரர்களிடம் 'யெ'. நீங்கள், நீ என்று பழகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பி இதைப் பழகாதீர்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதுதான் சிறந்த ஆசிரியர், தப்பாகச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கும், ஆனால் சரியாக வரும்வரை விடாது.

கன்னத்தில் முத்தம்? வலம், இடம், வலம் என்று மூன்று கொடுப்பது பழைய வழக்கம். கொரோனாவுக்குப் பிறகு நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். நீங்கள் கையை நீட்டுங்கள், அத்தை முறை உள்ள யாராவது முகத்தைக் கொண்டுவந்தால் அசையாமல் நில்லுங்கள், போதும்.

6. எங்கே உட்காருவது

உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு மணி நேரம் போகும், யாரும் எழுந்து உலாத்த மாட்டார்கள். அதனால் யோசித்து உட்காருங்கள். பாட்டிகளுக்குப் பக்கத்து இடம் நல்லது, மெதுவாகப் பேசுவார்கள்.

7. கேக்கும் 'வேண்டாம்' என்ற சொல்லும்

முதலில் காபியும் ஒரு துண்டு கேக்கும். நம் ஊரில் தட்டு நீட்டியதும் 'ஐயோ வேண்டாங்க' என்போம், அவர்கள் வற்புறுத்துவார்கள், பிறகு வாங்கிக்கொள்வோம். இங்கே ஒருமுறை வேண்டாம் என்றால் தட்டு அடுத்தவரிடம் போய்விடும், திரும்பி வராது. மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையில் நான் ஒரு நல்ல ஆப்பிள் கேக்கை இழந்திருக்கிறேன்.

பிறகு பாட்டு வரும். 'ஹீப்பெர்டெபீப்' என்று ஒருவர் கத்தினால் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி 'ஹுரா'. மூன்று தடவை. கையைத் தூக்காமல் இருப்பவர்தான் வித்தியாசமாகத் தெரிவார்.

அப்புறம் பீர், ஒயின், சீஸ் துண்டுகள், கடுகுச் சாந்து. இரவுச் சாப்பாடு என்று எழுதியிருந்தால் தவிர, சோறு கிடையாது. ஆறு மணிக்குள் விருந்தினர் கிளம்பிவிடுவார்கள். நான் மதியமே தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

ஒரு கிளைக்கதை. வீட்டுக்காரம்மாவுக்கு 50 ஆன அன்று காலை, முன்வாசல் தோட்டத்தில் பழைய பாவாடை கட்டிய ஒரு கிழவி பொம்மை உட்கார்ந்திருந்தது. திருஷ்டி பொம்மை என்றுதான் நினைத்தேன். அது சாரா, தமிழ் பைபிளில் வரும் சாராள், ஆபிரகாமின் மனைவி. 50 வயதான பெண் சாராளைப் பார்த்துவிட்டாள், ஆண் என்றால் ஆபிரகாமைப் பார்த்துவிட்டான் என்பது இங்கத்திய பேச்சு. யோவான் சுவிசேஷம் 8ஆம் அதிகாரத்தில், இன்னும் ஐம்பது வயதுகூட ஆகாத நீ ஆபிரகாமைப் பார்த்தாயா என்று இயேசுவைக் கேட்கும் இடத்திலிருந்து வந்தது. நண்பர்கள் இரவோடு இரவாக வந்து வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் சொல்லாமல் நீங்களாக அதை ஓரங்கட்டாதீர்கள். நான் கட்டினேன்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

சைவம் சாப்பிடுபவர் ஒருவர், தட்டில் வந்த செம்மஞ்சள் நிறச் சாந்தைத் தக்காளி என்று நினைத்து ரொட்டியில் தடவிவிட்டதாக எழுதியிருந்தார். அது 'ஃபிலே அமெரிக்கான்', பச்சை மாட்டிறைச்சி. பொரித்த உருண்டையாக வரும் 'பிட்டர்பாலன்' உள்ளேயும் பெரும்பாலும் இறைச்சிதான், அதுவும் கொதிக்கக் கொதிக்க. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்களுக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள்.

யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர். 'மெட்' வேண்டாம், வெறும் ஹெஃபேலிசிடேர்ட் போதும்.

நான் சொல்ல மறந்த ஒன்று: விருந்தினர்கள் உங்களுக்கும் கைகொடுத்து வாழ்த்துவார்கள். 'எனக்கு இன்று பிறந்தநாள் இல்லை' என்று விளக்கம் கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் இருக்கிறீர்கள், அதனால் வாழ்த்து. நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள்.

இரண்டாம் வருடம் கழிவறை நாட்காட்டியில் பிப்ரவரித் தாளில் என் பெயரும் ஏறியிருந்தது. இங்கே பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும். ஜனவரி கடைசியில் வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "உனக்கு எத்தனை நாற்காலி வேண்டும்?"