வலிப்புக்குக் காரணம் மூளையிலுள்ள சிறு கட்டியானால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கட்டி சின்னதுதான், வளரவும் இல்லை. மாத்திரை போதும்." இப்படி நினைத்து ஆண்டுகளைக் கடத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கேங்லியோகிளையோமா, டிநெட் போன்ற அரிய மூளைக்கட்டிகள் பெரும்பாலும் 1ஆம் நிலைக் கட்டிகள், அதாவது மிக மெதுவாக வளர்பவை. பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். ஆனால் அவை கிளப்பும் வலிப்பு சும்மா இருக்காது. நினைவாற்றலையும் படிப்பையும் வேலையையும் அரித்துவிடும். அடங்காத வலிப்பில் திடீர் மரண ஆபத்தும் உண்டு.

கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நம்புவதும் ஆபத்து. இந்தக் கட்டிகள் அதிகம் வருவது நெற்றியின் பக்கவாட்டில் காதருகே உள்ள பொட்டுக்கு உட்புறமுள்ள, மூளையின் டெம்போரல் பகுதியில். பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை பாதியில் நிற்கும். பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். வாய் எதையோ மெல்லும். விரல்கள் சட்டை நுனியைப் பிசையும். ஓரிரு நிமிடத்தில் தெளியும், நடந்தது நினைவிருக்காது. அதற்குமுன் வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவதாகவோ காரணமில்லாத பயமாகவோ சொல்லலாம். இதைக் கவனக்குறைவு, வாயுத் தொல்லை என்று தள்ளிவிடாதீர்கள். செல்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதைவிட உதவும் சாட்சியம் குறைவு.

சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதால் நிம்மதியடைய முடியாது. சிறு கட்டிகள் அதில் தப்பிவிடும். வலிப்புக்கென்றே மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. தேவை. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை இயல்பாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்றாகிவிடாது.

மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது அடுத்த தவறு. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லையென்றால், சர்வதேச வலிப்புத் தடுப்புக் கழகத்தின் 2010 வரையறைப்படி அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. மூன்றாவது, நான்காவது மருந்து முழுமையாக நிறுத்தும் வாய்ப்பு குறைவு. ஸ்கேனில் கட்டியும் தெரிந்தால், வலிப்பு அறுவை சிகிச்சை செய்யும் மையத்திடம் தாமதிக்காமல் கருத்துக் கேளுங்கள். இவ்வகைக் கட்டியை முழுதாக அகற்றியவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. சீக்கிரம் செய்தவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

கட்டியை எடுத்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். சுற்றியுள்ள திசுவிலிருந்தும் வலிப்பு கிளம்பலாம். அதனால்தான் முன்கூட்டியே வீடியோ இ.இ.ஜி. (மின்னலைகளோடு நோயாளியையும் படமெடுக்கும் சோதனை) பார்த்து, எவ்வளவு எடுப்பது, பேச்சுக்கும் நினைவுக்குமான இடங்களை எப்படிக் காப்பது என்று திட்டமிடுகிறார்கள். அறுவைக்குப் பின் வலிப்பு வரவில்லையே என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.