லாமினேட் போடுவதற்கு முதல் தரையில் பொலித்தீன் ஒட்டிப் பாருங்கள்

வெள்ளவத்தையில் எங்களுடையது பழைய வீடு, கீழ்த்தளம், சிவப்புச் சீமெந்துத் தரை. அதில் இரண்டு அறைக்கு நானே லாமினேட், அதாவது மரம்போலத் தெரியும் தரைப்பலகை, போட்டேன். ஒரு அறை இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. மற்றது முதல் மழைக்காலத்திலேயே நடுவில் முதுகு கூனி, கால் வைத்தால் டொக் டொக் என்று சத்தம் போட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, கதவு நிலைக்குப் பக்கத்தில் இடைவெளி தெரிந்தால் வடிவாக இருக்காது என்று பலகையை இறுக்கி முட்டவைத்துவிட்டேன்.

லாமினேட்டின் நடுப்பகுதி அழுத்திச் செய்த மரநார்தான், காற்றில் ஈரம் ஏறினால் அது விரியும், கொழும்புக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதனால் சுவர், தூண், கதவு நிலை என்று எது வந்தாலும் சுற்றிவர 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும். சுவரின் அடியில் ஓடும் ஸ்கேர்ட்டிங் சட்டம் அடித்தால் அது மறைந்துவிடும். ஸ்கேர்ட்டிங்கைச் சுவரில் அடியுங்கள், பலகையில் அல்ல. கதவு நிலையின் அடியைப் பலகைக் கனத்துக்கு வாளால் அறுத்து, பலகையை அதற்குள் நுழைத்துவிட்டால் இடைவெளியும் இருக்கும், வடிவும் கெடாது. நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

வாங்கும்போது பெட்டியில் ஏசி3 அல்லது ஏசி4 என்று இருக்கிறதா பாருங்கள், தேய்மானத்தைத் தாங்கும் தரம் அது. வீட்டுக்கு ஏசி3 போதும். கனம் 8 மில்லிமீற்றர் சரி. பழைய சோனகத் தெருவில் நாலு ஹார்ட்வெயார் கடை ஏறி இறங்கினால் விலை பிடிபடும். வெட்டுக்கழிவுக்கு 10 சதவீதம் கூட்டி வாங்குங்கள். பெட்டிகளைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்கையாக வைத்துவிடுங்கள்.

அந்த இரண்டு நாளில் தரையைப் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பொலித்தீன் துண்டொன்றை நாலு ஓரமும் டேப்பால் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். உரிக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து ஏறுகிறது, அதைச் சரிசெய்யாமல் பலகை போடுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான். கறையான் தடம் இருந்தாலும் அப்படித்தான். அப்புறம் நேரான நீளச் சட்டமொன்றைத் தரையில் வைத்துப் பாருங்கள், 2 மீற்றர் நீளத்துக்குள் 3 மில்லிமீற்றருக்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்பவேண்டும். கதவு திறபடுமா என்றும் பாருங்கள், தரை ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரப்போகிறது.

சீமெந்துத் தரை என்றால் முதலில் பொலித்தீன், ஓரங்கள் 20 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டப்படவேண்டும். அதற்கு மேல் 2 அல்லது 3 மில்லிமீற்றர் போம் விரிப்பு. மெத்தென்று இருக்கட்டும் என்று போமை இரட்டையாகப் போடாதீர்கள், பலகை ஓரங்கள் ஒன்றோடொன்று கொளுவும் பூட்டு உடையும்.

பலகையைத் தொடுவதற்கு முதல் ஒரு கணக்கு. அறையின் அகலம் 308 சென்ரிமீற்றர், பலகை 19 என்று வைப்போம். இரு பக்கமும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் கழித்தால் 306. 16 வரிசை 304 ஆகிவிடும், கடைசியில் மிஞ்சுவது 2 சென்ரிமீற்றர் ஓலைத்துண்டு. அது பூட்டில் நிற்காது. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் பத்தரை சென்ரிமீற்றராக வெட்டி, நடுவில் 15 முழு வரிசை போட்டால் சரியாக வரும். கடைசி வரிசை 5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான் விதி.

போடுவது ஒரு பகல் வேலை. ஜன்னல் வெளிச்சம் விழும் திசைக்கு நீளவாட்டில், இடது மூலையில் தொடங்குங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஆப்புகள் வையுங்கள். வரிசை முடிவில் வெட்டி மிஞ்சிய துண்டு 30 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் அடுத்த வரிசையை அதில் தொடங்கலாம், பக்கத்து வரிசைப் பொருத்துகள் அவ்வளவாவது தள்ளி நிற்கவேண்டும். சரித்துப் பிடித்து அழுத்தினால் பூட்டு விழும். விழாவிட்டால் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள், சுத்தியலால் நேரே அடித்தால் விளிம்பு பிய்ந்துபோகும். ஜிக்ஸோ மின்வாளால் வெட்டும்போது வடிவான பக்கம் கீழே, கைவாள் என்றால் மேலே.

குளியலறைப் பக்கம் இதை நினைக்கவே வேண்டாம், குசினிக்கும் நான் போடமாட்டேன். அம்மாவிடமும் முதலே சொல்லிவிடுங்கள், வெள்ளிக்கிழமை வாளி வாளியாக ஊற்றிக் கழுவமுடியாது, நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பது மட்டும்தான். எங்கள் வீட்டில் அதற்கு மூன்று நாள் சண்டை நடந்து, சாமியறைச் சிவப்புச் சீமெந்தில் நான் கைவைப்பதில்லை என்று முடிவானது.